போகாத சாமான்

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உட்கார வேண்டும்.

மருந்துக்கடையில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நிற்கிறாள். கவுன்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் எப்போதும் பார்சல் அடுக்கியிருக்கும். வீட்டில் ஒரு சோபா உண்டு. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்று சொல்லி விற்றார்கள். பத்து வருடமாக அதில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு குவியலை மடித்து எடுத்தால் அடுத்த குவியல் வந்துவிடும்.

கணவன் வீடு மாற்றித் தரும் கம்பெனியில் மேஸ்திரி. ஜனங்கள் வீடு மாறுவது சனி, ஞாயிறில்தான். கல்யாணமான பதினோரு வருடத்தில் ஒரு சனிக்கிழமையும் அவன் வீட்டில் இருந்ததில்லை. மலைக்குப் போகலாம் என்று மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் யாரோ வீடு மாறினார்கள். மூன்றாம் முறை, மகளுக்கு ஷூ மாட்டி, வீட்டைப் பூட்டி, படியில் இறங்கும்போது போன் வந்தது. கட்டிய பையை அவிழ்க்காமல் பதினேழு நாள் நடுக்கூடத்திலேயே வைத்திருந்தாள். பதினெட்டாம் நாள் ஒரு மடக்கு நாற்காலி வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள்.

"இது எதுக்கு?" என்றான் மேஸ்திரி.

"மலையில போட்டு உட்கார."

"எப்போ?"

"அதை நீங்கதான் சொல்லணும். சொல்லலைன்னா நானும் பாப்பாவும் போறோம். நீங்க எவன் வீட்டு பீரோவையாவது தூக்கிக்கிட்டு இருங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான்.

இரண்டு வாரம் கழித்துப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மலை மேல் ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்கு மாற்றல். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் சாமானை ஏற்ற வேண்டும். வண்டி எப்படியும் காலியாகத்தான் மேலே போக வேண்டும். வெள்ளி மதியமே போய்க்கோ, திங்கள் காலையில் ஆள் அங்கே இருந்தால் சரி என்று முதலாளி சொல்லிவிட்டார். மேஸ்திரி அந்தச் செய்தியைக் கண்ணாடிச் சாமானைத் தூக்கி வருவது போலப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

சாப்பாட்டு மேசையில் திட்டம் போட்டார்கள். மலைப்பாதையில் மூன்று சின்ன ஊர்கள். முதல் ஊரில் அருவி. நடு ஊரில் ஏரி. கடைசி ஊரில் ஒரு பாறை, அதில் ஏறினால் ஏழு மலை தெரியுமாம். ஆசிரியர் இருப்பது நடு ஊரில். மேஸ்திரி கம்பெனித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே போனான். அவள் வாங்கிப் படித்தாள்.

"சனி. ஆறு மணி, எழுவது. ஆறு இருபது, கிளம்புவது. ஏழு அஞ்சு, அருவி. ஏழே முக்கால், அருவி முடிப்பது." தாளைக் கீழே வைத்தாள். "அருவியை எப்படிங்க முடிக்கிறது?"

"பாத்து முடிக்கிறதுதான்."

"நாம முடிச்சதும் அது நின்னுடுமாப்பா?" என்றாள் மகள். அவளுக்கு ஒன்பது வயது. பேச்சில் அம்மா.

"நீ வாயை மூடு. எட்டரைக்கு ஏரியில இருக்கணும். பதினொண்ணுக்குப் பாறை."

"இறக்கி ஏத்துற நேரமெல்லாம் சேத்துட்டீங்களா?"

"சேத்துட்டேன்," என்றான் அவன் பெருமையாக. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் பேனாவை வாங்கி ஆறு மணியிலிருந்து அடித்தாள். அருவியை அடித்தாள். ஏரியை அடித்தாள். ஏழு மலைகளையும் ஒரே கோட்டில் அடித்தாள். கீழே எழுதினாள்: உட்காருவது.

"எத்தனை மணிக்கு?"

"எழுந்ததுல இருந்து."

"எதுவரைக்கும்?"

"பசிக்கிற வரைக்கும்."

"அப்புறம்?"

"சாப்பிட்டுட்டு மறுபடி."

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இவ்வளவு காலியான தாளை வைத்துக்கொண்டு அவன் எந்த வேலைக்கும் போனதில்லை.

நடு ஊரில் ஓர் அம்மாள் வாடகைக்கு வீடு விடுவதாகத் தகவல் கிடைத்தது. மேஸ்திரியிடம் விடாமல் அவளே அந்த அம்மாளுக்குப் போன் போட்டாள். மலை தெரியுமா என்று கேட்டாள்.

"வேற ஒண்ணும் தெரியாது," என்றது குரல்.

"கட்டில் இருக்கா?"

"இல்ல."

"பாத்திரம்?"

"என் பாத்திரம் எனக்கே பத்தல."

"அப்ப என்னதாம்மா இருக்கு?"

"கூரை இருக்கு. கதவு இருக்கு. தாழ்ப்பாள் மட்டும் கொஞ்சம் ஆடும்."

அவளுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. வீட்டைப் பிடித்தாள்.

ஆக எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். துணிப்பை இரண்டு. படுக்கைச் சுருட்டு. சின்ன அடுப்பு. பாத்திரக் கூடை. சாப்பாட்டுப் பெட்டி. மடக்கு நாற்காலி. மொத்தம் ஏழு. வியாழன் சாயங்காலமே ஏழும் கூடத்தில் வரிசையாக நின்றன. மேஸ்திரி வேலை முடிந்து வந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் உருளையை மேசையில் வைத்தான்.

"நாளைக்குக் காலையில எனக்கு வேற வீடு இருக்கு. பசங்க ரெண்டு பேரும் வந்து ஏத்திடுவாங்க. சாவியைக் கீழ்வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டுப் போ. ஸ்டிக்கர் ஒட்டி வச்சிடு, மத்ததை அவங்க பாத்துப்பாங்க."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

இதில் கேட்க அவளுக்கு ஒன்றும் இல்லை. மருந்துக்கடையில் தினமும் செய்கிற வேலைதான். வீட்டுக்கு அனுப்புகிற மருந்துப் பைக்கு மஞ்சள் ஸ்டிக்கர். டெலிவரி ஆள் வருவான், ஸ்டிக்கர் ஒட்டியதை எடுத்துப் போவான், ஒட்டாதது அலமாரியில் இருக்கும். அவள் ஏழு சாமானுக்கும் ஒவ்வொன்று ஒட்டினாள். மடக்கு நாற்காலிக்கு மட்டும் இரண்டு. அது விட்டுப்போகவே கூடாது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு. ஒரு மணிக்கு அவளுக்கு வேலை முடிந்தது. பூட்டி வைத்த போனை எடுத்தாள். கீழ்வீட்டு அக்காவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டாள். போகவில்லை. பாலை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. அதற்காகத்தான் இருக்கும்.

கடை வாசலில் மேஸ்திரியும் மகளும் நின்றிருந்தார்கள். வண்டியும் வந்துவிட்டது. பசங்கள் இருவரும் இறங்கினார்கள். பசங்கள் என்று பேர்தான், இருவருக்கும் முப்பதுக்கு மேல். ஒருவனுக்குப் பட்டப்பேர் பீரோ. தனி ஆளாக பீரோ தூக்குவான். இன்னொருவன் நூல்கண்டு. உடம்பும் அப்படித்தான், கயிறு கட்டுவதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை.

"ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சுண்ணே." நூல்கண்டு வீட்டுச் சாவியையும் வண்டிச் சாவியையும் கொடுத்தான். அவளிடம் திரும்பினான். "அண்ணி, நல்லா சுத்திக் கட்டியிருக்கோம். ஒரு கண்ணாடிகூட உடையாது."

"என்ன கண்ணாடி?"

நூல்கண்டு வண்டிக் கதவைத் திறந்துவிட்டான். பீரோவுக்குக் கண் சிவந்திருந்தது. அவன் மகளின் தலையில் கை வைத்தான். "எங்க போனாலும் நல்லா படிக்கணும் பாப்பா."

"திங்கக்கிழமை பாக்கலாம்டா," என்று மேஸ்திரி வண்டியைக் கிளப்பினான்.

இருவரும் தெருமுனை வரை கையாட்டிக்கொண்டே நின்றதை அவள் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள்.

"இவங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"தூசி. சாமான் தூக்குறவன் கண்ணு அப்படித்தான் இருக்கும்."

மலை தொடங்கியது. போனில் சிக்னல் போயிற்று. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இனி யாரும் அவனைக் கூப்பிட முடியாது. ஜன்னலைத் திறந்தாள். காற்று குளிர்ந்து வந்தது. மகள் வளைவுகளை எண்ணினாள். ஒன்பதாவது வளைவில் வண்டி முனகியது. மேஸ்திரி கியரைக் குறைத்தான். பதினோராவது வளைவில் இன்னும் குறைத்தான்.

"என்ன வச்சே உள்ள?"

"ரெண்டு பை. ஒரு சுருட்டு. ஒரு அடுப்பு."

"ரெண்டு பைக்கு வண்டி இப்படி இழுக்காது."

"உங்க வண்டி கிழடாயிடுச்சுன்னா என் பையைச் சொல்லாதீங்க."

"சாப்பாட்டுப் பெட்டியில கல்லு கில்லு வச்சியா?"

"ஆமா. உங்க தலையில போட."

மகள் எண்ணுவதை விட்டுவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். வண்டி மட்டும் சிரிக்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து ஐந்து மணிக்கு நடு ஊரை எட்டியது.

இருபது வீடு இருக்கும். புல்வெளி ஒன்று சரிந்து இறங்கியது. அது முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை. வெயில் கடைசி மலையில் மட்டும் இருந்தது. அவள் இறங்கி நின்று பார்த்தாள். இரண்டு நாள். இதற்கு முன்னால் இரண்டு நாள் உட்காரப் போகிறாள்.

வீட்டுக்கார அம்மாள் கையில் விறகோடு வந்தாள். அறுபது வயதிருக்கும். கைகள் இரண்டும் முறுக்கேறியிருந்தன. வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு நாளைக்கு இவ்வளவு பெரிய வண்டியா? வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

மேஸ்திரி சிரித்துக்கொண்டே பின்கதவைத் திறந்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

முதலில் சோபா இருந்தது, பிளாஸ்டிக் சுற்றி. அதற்குப் பின்னால் சாப்பாட்டு மேசை கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. கட்டில்கள். பீரோ. பிரிட்ஜ். மகளின் சைக்கிள். சமையலறை டப்பாக்கள் பெரியது சிறியது வரிசையில். ஒரு பிளாஸ்டிக் கவரில் சுவரில் அடித்திருந்த ஆணிகள், மேலே 'ஹால் ஆணி' என்று எழுதி.

மகள் வண்டிப் படியில் ஏறி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் மகள். "நம்ம வீடு."

மேஸ்திரி மெல்லத் திரும்பினான். "ஸ்டிக்கர் எதுல ஒட்டினே?"

"போற சாமான்ல."

"போற சாமான்லயா!" அவன் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான். "ஸ்டிக்கர் ஒட்டினா அது போகாத சாமான்டி. ஓனரோட பேன், ஓனரோட அலமாரி, வேணாம்னு விட்டுட்டுப் போறது, அதுலதான் ஒட்டுவோம். ஒட்டாதது பூரா ஏறும். வீடு முழுக்க ஒட்டிக்கிட்டிருந்தா எப்ப ஏத்துறது?"

"இதை என்கிட்ட சொன்னீங்களா?"

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

"எல்லாருக்கும்னா யாரு? நீங்களும் அந்த ரெண்டு பேருமா? எங்க கடையில ஒட்டினது போகும், ஒட்டாதது இருக்கும். உலகம் பூரா அப்படித்தான்."

"எங்க உலகத்துல அப்படி இல்ல."

"அந்தத் தடியனுங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மேஸ்திரி வீட்டையே காலி பண்றோமே, ஏன்னு?"

வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவனுக்கும் முதல் நாளே மேஸ்திரி சொல்லித் தருகிற பாடம் அவளுக்கும் மனப்பாடம். வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறான். வீடு மாறுகிறவன் மனதில் ஆயிரம் இருக்கும். எங்கே போறீங்க, ஏன் போறீங்க என்று கேட்காதே. பெட்டியை மட்டும் தூக்கு.

சோபாவின் மேல் ஒரு பொட்டலம் இருந்தது. அது அவர்கள் வீட்டுச் சாமான் இல்லை. மகள் பிரித்தாள். புதுச் சுவர்க்கடிகாரம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. மகள் சத்தமாக வாசித்தாள்.

'அண்ணனுக்கும் அண்ணிக்கும் பாப்பாவுக்கும். புது வீட்டில் நல்லா இருங்க. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்கள் சொல்லித் தந்தபடிதான். ஸ்டிக்கர் ஒட்டிய ஏழு சாமானையும் தொடவில்லை. கீழ்வீட்டு அக்கா நிறையக் கேள்வி கேட்டார். அவருக்கும் பதில் சொல்லவில்லை.'

அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. ஒன்பது அழைப்பு. அக்கா மாடிப்படியில் நின்று, ஒவ்வொன்றாக இறங்கிப் போகிற சாமானைப் பார்த்திருப்பாள். பீரோ அழுதுகொண்டே பீரோவைத் தூக்கியிருப்பான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கார அம்மாள் விறகைக் கீழே போட்டுவிட்டுச் சேர்ந்து சிரித்தாள், பாதி விஷயம் புரியாமலே.

மேஸ்திரி எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "ரெண்டே பேர். மூணு மணி நேரம்கூட ஆகியிருக்காது," என்றான். கயிற்றை இழுத்துப் பார்த்தான். "கட்டைப் பாரு. எங்கயாவது தொய்வு இருக்கா?" அந்த நேரத்திலும் அவனுக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவள் சிரிப்பை நிறுத்தினாள். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும்.

"இப்பக் கிளம்பினா ஒன்பதரைக்கு வீடு. ஆளுங்களைக் கூப்பிட்டு இறக்கிடலாம். அந்த ஏழு சாமானை ஏத்திக்கிட்டுக் காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா பத்துக்கு இங்க. அரை நாள்தான் போகும்."

பத்து மணிக்கு இங்கே. அவளுக்கு அந்தக் கணக்கு தெரியும். மலை இறங்கியதும் சிக்னல் வரும். போன் அடிக்கும். யாராவது ஒருவர் வீடு மாறிக்கொண்டிருப்பார். அவள் நாலாவது முறையாகப் பையை வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்பாள். இந்த முறை நடுக்கூடம்கூடக் காலி.

"சோபாவை இறக்குங்க," என்றாள்.

"எதுக்கு? மறுபடி ஏத்தணுமே."

"அதை மட்டும் இறக்குங்களேன்."

அவன் ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கத்துக்கு ஆள் தேடினான். "நகரும்மா," என்று வீட்டுக்கார அம்மாள் அவளை ஒதுக்கிவிட்டு ஒரே மூச்சில் தூக்கினாள். "எங்க வைக்கணும்?"

அவள் புல்வெளியைக் காட்டினாள். வீட்டுக்கு முதுகு, மலைக்கு முகம். பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். சோபாவின் துணி நீலம். அதில் சின்னச் சின்ன இலைகள். இலைகள் இருந்ததையே மறந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். காலை மேலே தூக்கி மடக்கிக்கொண்டாள். சோபா ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. இன்னும் புதுசு.

"ஏங்க, அந்த உருளை இருக்கா?"

சட்டைப்பையில் இருந்தது. எப்போதும் ஓர் உருளை இருக்கும். கொடுத்தான். அவள் ஒரு சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்தாள். தன் தோளில் ஒட்டி, நன்றாக அழுத்தினாள்.

"மேஸ்திரி, சொல்லுங்க. இது எந்தச் சாமான்?"

அவன் அவளைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். தொழில் தெரிந்தவன்.

"போகாத சாமான்," என்றான்.

"அப்ப ஏத்தாதீங்க."

அவன் பின்கதவைச் சாத்தினான். ஆனால் உடனே மறுபடி திறக்க வேண்டியிருந்தது. கட்டில் வேண்டுமே. மெத்தை வேண்டுமே. விட்டுப்போனது ஏழுதான், அந்த ஏழில் அடுப்பைத் தவிர ஒன்றும் தேவைப்படவில்லை. துணிக்கு ஒரு பெட்டி கிடைத்தது. 'சோபா மேல் இருந்தது' என்று எழுதியிருந்தது. இஸ்திரி போடாத துணி, மூன்று பேருக்கும் ஒரு மாதத்துக்குக் காணும். சமையலுக்குப் பாத்திரம், டப்பா எல்லாம் இருந்தன. வீட்டு அடுப்பும் வரவில்லை. கேஸ் வண்டியில் ஏறாது, அதுவும் மேஸ்திரியின் சட்டம்.

"என்கிட்ட அடுப்பு இருக்கு, பாத்திரம் இல்ல," என்றாள் வீட்டுக்கார அம்மாள். "உன்கிட்ட பாத்திரம் இருக்கு, அடுப்பு இல்ல. பேசாம இங்கயே இருந்துடுங்க."

ஊர் அப்படித்தான் நினைத்தது. சனிக்கிழமை காலையில் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருவர் நாலு முட்டை கொண்டுவந்தார். ஒரு கிழவர் தண்ணீர் எந்தக் குழாயில் எப்போது வரும் என்று விவரமாகச் சொன்னார். ஒரு பெண் மகளிடம் எந்த வகுப்பில் சேரப்போகிறாய் என்று விசாரித்தாள். நாலாவது என்று மகள் கூசாமல் சொன்னாள். சோபாவில் இருந்த அவள் எழுந்திருக்கப் போனாள், எல்லாரையும் கவனிக்க வேண்டுமே என்று. தோளில் ஸ்டிக்கர் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. புல்லில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள்.

மாற்றலாகிற ஆசிரியரும் வந்தார். வண்டிக்குள் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "என் சாமான்?"

"எவ்வளவு சார் இருக்கு?"

"நான் ஒண்டிக்கட்டை. ஒரு கட்டில். எட்டுப் பெட்டி புத்தகம்."

மேஸ்திரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே அளந்தான். "பீரோவைக் கொஞ்சம் சாய்ச்சா போதும். சார், ஒண்ணு மட்டும். ஸ்டிக்கர் ஒட்டினா அது போகாத சாமான்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே," என்றார் ஆசிரியர்.

மேஸ்திரி சோபாவின் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றான். அவள் காதில் விழாதது போல மலையைப் பார்த்தாள்.

அவனுக்குத்தான் உட்கார வரவில்லை. சனிக்கிழமை முழுவதும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். நன்றாக இருந்த கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினான். வீட்டுக்கார அம்மாளின் தாழ்ப்பாளைச் சரிசெய்தான். கேட்காமலே கோழிக்கூண்டை இரண்டு அடி தள்ளி வைத்தான். "கால்ல சக்கரம் கட்டியிருக்கா உன் வீட்டுக்காரருக்கு?" என்றாள் அந்த அம்மாள். ஞாயிறு மதியம் மகள் சத்தமில்லாமல் பின்னால் போய் அவன் முதுகில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாள். அவன் அரை மணி நேரம் அதோடு நடமாடினான். பிறகு யாரோ சொல்லி, கையை வளைத்துத் தடவிப் பார்த்தான். எட்டவில்லை. சோபாவுக்கு வந்தான்.

"எடுத்து விடு."

"என் தொழிலா அது? ஒட்டினது போகாது."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மறு ஓரத்தில், நுனியில், பஸ்ஸில் உட்காருவது போல உட்கார்ந்தான். பத்து நிமிடத்தில் முதுகு சாய்ந்தது. கால் மணி நேரத்தில் வாய் திறந்தது. பதினோரு வருடத்தில் பகலில் அவன் தூங்கி அவள் பார்த்ததில்லை. குறட்டை சன்னமாக, ஒழுங்காக வந்தது. அதற்கும் ஏதோ கணக்கு வைத்திருப்பான் போல.

கீழே சரிவில் மகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள். நல்லவேளை, சைக்கிள் வந்திருந்தது. வெயில் மறுபடி கடைசி மலைக்குப் போயிற்று. வீட்டுக்கார அம்மாள் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அருவி பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"ஏரி? இந்தா, இறங்கினா அஞ்சு நிமிஷம்."

"அதுவும் இல்ல."

"பின்ன ரெண்டு நாளா என்னதான் பண்ணீங்க?"

அவள் யோசித்தாள். சொல்ல ஒன்றும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து, தனக்கும் அவனுக்கும் நடுவில் இடம் விட்டாள்.

"வந்து உட்காருங்க, சொல்றேன்."

அம்மாள் உட்கார்ந்தாள். மூவரும் இடித்துக்கொள்ளாமல் சோபாவில் இடம் இருந்தது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். பொய் சொல்லவில்லை.